ஈசானிய மூலையில் ஒரு சோலார் பேனல்

இந்த ஊரில் தபால்காரர் வண்டியை விட்டு இறங்குவதில்லை. வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு முறை ஹார்ன் அடிப்பார், பெட்டியில் போடுவார், போய்விடுவார். கோவில்பட்டியில் எங்கள் தெருத் தபால்காரர் உறையைக் கையில் தருவதற்குள் எங்கிருந்து வந்திருக்கிறது, யார் எழுதியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் சொல்லி முடித்திருப்பார். கல்யாணமாகி, மலாய் பேசும் இந்த ஜார்ஜ்டவுனுக்கு வாழ வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஊமைத் தபாலுக்குப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த வருடம் ஆடி மாதத்தில் அந்த இரண்டு ஹார்ன் சத்தம் கேட்டாலே கையில் இருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். வண்டி தெருமுனை தாண்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்கப் போவேன். கொலைக் குற்றம் எதுவும் செய்துவிடவில்லை. வீட்டுக் கூரையில் ஒரே ஒரு சோலார் பேனல் வைத்தேன்.

என் கணவர் சேகர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தினமும் மோட்டார் சைக்கிளில் கடல்மேல் இருக்கும் நீண்ட பாலம் தாண்டிப் போய்வருகிறார். நாங்கள் இருப்பது மாமனார் வாங்கிவைத்த பழைய வரிசை வீடு. முன்கூரை கிழக்கே தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும், பின்கூரை மேற்கே பின்சந்தின் பக்கம். எங்கள் தெரு பாரம்பரியப் பகுதிக்குள் வருகிறது. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதிலிருந்து கூரையில் எதை ஏற்றலாம் என்பதுவரை நகராட்சிக் கவுன்சிலைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஊரில் இருந்தபோது நம் வீட்டுக்கு என்ன நிறம் என்று நம் சித்தப்பாக்கள் சண்டை போடுவார்கள், அரசாங்கம் போடாது. இங்கே சித்தப்பாக்கள் இல்லாத குறையைக் கவுன்சில் தீர்த்துவைக்கிறது.

சோலார் போடலாம் என்று சேகர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவளுக்கு வெயிலால் ஒரு பிரயோசனம் என்றால் கசக்குமா. ஆனால் பேனல் வருவதற்கு முன்னால் காகிதம் வந்தது. மின்சாரக் கம்பெனியின் ஒப்புதல் ஒன்று. நாம் வாங்குவதையும் கொடுப்பதையும் கணக்கிடும் புது மீட்டருக்கு அவர்கள்தான் சம்மதிக்க வேண்டும். வேலையைச் செய்பவர் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். அதற்கு மேல் எங்கள் தெருவுக்கென்று கவுன்சிலின் அனுமதி. கூரையின் வரைபடம், தெருவில் நின்று எடுத்த படங்கள், பழைய மரச்சட்டங்கள் எடையைத் தாங்கும் என்று ஒரு பொறியாளரின் கடிதம். பேனல்கள் பின்கூரையில் மட்டும், தெருவில் போகிறவர் கண்ணில் படாதபடி. கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி: அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை எந்த வேலையும் தொடங்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். சேகர் போட்டார். பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த என்னைப் போன்ற பெண்களுக்கு அது தெரியும், ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் இங்கே இருப்பது மனைவி என்ற விசாவில். ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பிக்க வேண்டும். நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அட்டைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறேன். குடிநுழைவு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அதிகாரி அவரைப் பார்த்து, உங்கள் மனைவி உங்களோடுதான் இருக்கிறாரா என்று கேட்பார். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் கேட்க மாட்டார். சேகர் ஆமாம் என்பார், இவளுக்கு நான் பொறுப்பு என்ற தாளில் கையெழுத்துப் போடுவார், என் கடவுச்சீட்டில் முத்திரை விழும். இந்த நாட்டில் நான் நிற்கும் தரை அந்த ஒரு கையெழுத்து. ஒரு தாளில் அது பொய்யாகிவிட்டால் இன்னொரு தாளில் அதை யார் நம்புவார்கள் என்பதுதான் இந்த ஆடியில் என்னைத் தின்ற பயம். பேனல் ஏறியபோது இந்த வருடப் புதுப்பித்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

இவ்வளவு தெரிந்தவள் எதற்காகப் பேனலை ஏற்றினாய் என்று கேட்பீர்கள். ஆடி வந்துகொண்டிருந்தது. மின்சாரக் கம்பெனியின் ஒப்புதல் வந்துவிட்டது, கவுன்சில் கடிதம் வரவில்லை. நாட்காட்டியில் ஆனி முடிய நான்கு நாள்தான் பாக்கி. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. அதற்காக வேலை முழுவதையும் தொடங்கச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா. நல்ல நேரத்தில் தொட்டுவைத்துவிட்டால் போதும், மிச்சத்தை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கோவில்பட்டியில் என் அண்ணன் வீடு கட்டியபோது அப்படித்தான் செய்தோம். ஆடிக்கு முந்தின வாரம் மனையின் ஈசானிய மூலையில் பூஜை போட்டு ஒரு செங்கல்லை வைத்தோம். வரைபட அனுமதி வர எட்டு மாதம் ஆயிற்று. எட்டு மாதமும் அந்தச் செங்கல் மஞ்சள் பூசிக்கொண்டு தன்னந்தனியாக நின்றது, ஆடுகள் அதில் முதுகு தேய்த்துவிட்டுப் போயின. அதை யாரும் கட்டடம் என்று சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் கட்டினாயா என்று எவரும் வந்து நிற்கவில்லை. அது சாமிக்குச் சொல்லிவைப்பது, அரசாங்கத்துக்கு அதில் வேலை இல்லை.

ஒப்பந்தக்காரர் ஆ ஹொங் ஐம்பது வயதுச் சீனர். நானும் அவரும் பேசுவது அரைகுறை மலாயில். இருவருக்கும் அது தாய்மொழி இல்லை என்பதால் மரியாதையாகத்தான் பேசிக்கொள்வோம். போன் போட்டு, நாளை மறுநாள் காலையில் ஒரு பேனல் மட்டும் வைக்க வேண்டும், நல்ல நாள் என்றேன். அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. அவர் கடையிலும் நாள் பார்க்கிற சிவப்புக் காலண்டர் தொங்குகிறது. "சூராட் வந்துவிட்டதா?" என்று கேட்டார். சூராட் என்றால் கடிதம். வந்துவிட்டது என்றேன். என் மனதில் இருந்தது மின்சாரக் கம்பெனிக் கடிதம். சாமி கும்பிடுகிற அளவுக்குப் போய்விட்டார்கள் என்றால் எல்லாக் கடிதமும் வந்திருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அன்று காலை வந்து ஏணி சாத்திய பிறகு, எங்கே என்று கேட்டார். நான் முன்கூரையின் வடகிழக்கு ஓரத்தைக் காட்டினேன். ஈசானிய மூலையை விட்டு வேறெங்கே தொடங்குவது. அவர் கொஞ்சம் தயங்கி, "முன்பக்கம் பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை, அதுதான் சரியான இடம் என்றேன். அவர் கேட்டது கவுன்சிலுக்குப் பரவாயில்லையா என்று. நான் பதில் சொன்னது சாமிக்கு. ஓட்டுக்கடியில் கொக்கி மாட்டி, தண்டவாளம் போல இரண்டு அலுமினியக் கம்பி இணைத்து, பேனலை உட்கார வைத்துத் திருகினார். மின் இணைப்பு எதுவும் கொடுக்கவில்லை. நானே ஏணியில் ஏறி எட்டிச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூ சுற்றினேன். படம் எடுத்துக் கோவில்பட்டிக் குடும்பக் குழுவில் போட்டேன். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் சேகர் தெருவில் வண்டியை நிறுத்தியவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு ஏத்துன?"

"ஒன்னே ஒன்னுதாங்க. ஆடி வருதுன்னு நல்ல நேரத்துல தொட்டு வச்சேன்."

"ஆடி வந்தா வரட்டும் லா. கவுன்சில் சூராட் இன்னும் வரல. வேலை ஆரம்பிக்க மாட்டேன்னு நான் சைன் போட்டுக் குடுத்திருக்கேன், தெரியும்தானே? அதுவும் முன்னுக்கு. ரோட்ல போற டூரிஸ்ட்கூட நின்னு போட்டோ எடுப்பான்."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் குரலில் கோபம் இல்லை, இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'கூட வழக்கம்போல வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, அந்த விண்ணப்பத்தின் நகலை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். விதிகளோடு வளர்ந்த மனிதர் பயப்படுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு விசா ஞாபகம் வந்தது. விசாவுக்கு இதனால் ஏதாவது வருமா என்று கேட்டேன். "தெரியல லா. ரெண்டும் வேற ஆபீஸ்," என்றார். வராது என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆ ஹொங்கை வரச்சொல்லி இறக்கிவிடுவோம் என்று அவர் முடிவு செய்தார். அன்றைக்கு ஆடி பிறந்திருக்கும். என் அம்மாவிடம் இறக்கப்போகிற விஷயத்தைச் சொல்லித் தொலைத்தேன். அம்மா உடனே, "பூச போட்டு ஏத்துனத ஆடியில இறக்காதட்டி. வீட்டு ஆம்பளைக்கு ஆகாது. மாப்ள தெனமும் அம்புட்டுப் பெரிய பாலத்துல வண்டி ஓட்டிட்டுப் போறாரு," என்றார். இது மூடநம்பிக்கை என்று எனக்குச் சொல்லத் தெரியும். பி.எஸ்ஸி. படித்திருக்கிறேன். ஆனால் காலையில் அவர் வண்டி தெருவைத் தாண்டியதும் அந்தப் பாலம் என் கண்முன் வந்துவிடும். இறக்கினால் அவருக்கு ஆகாது, இறக்காவிட்டால் அவர் கையெழுத்துக்கு ஆகாது. நான் சேகரிடம் கெஞ்சினேன், ஆவணிவரை பொறுங்கள் என்று. அவர் ஆ ஹொங்குக்குப் போன் போடவில்லை. ஞாயிறு அப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை கவுன்சிலிலிருந்து ஆள் வந்தது. அனுமதி கொடுப்பதற்கு முன்னால் கூரையை உள்ளபடி பார்த்து எழுதிப் போக வந்த ஓர் இளம் மலாய்ப் பெண். வெளிர்நீலத் தலைத்துணி, கையில் கோப்பு. சேகர் வேலைக்குப் போயிருந்தார். அவள் என்னைக் "காக்" என்று கூப்பிட்டாள், அக்கா என்று. அந்த மரியாதை என்னை இன்னும் பயமுறுத்தியது. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பூ வாடிக் கருகிப்போயிருந்தது, மழையில் குங்குமம் ஒழுகிப் பேனல் முழுக்கக் கோடு கோடாக இறங்கியிருந்தது, தெருவிலிருந்து பார்த்தால் ஏதோ படையல் பலகை போலத்தான் தெரிந்தது.

"அது என்ன, காக்?"

"செம்பாயாங்," என்றேன். வழிபாடு என்று மலாயில். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே சொல் அதுதான்.

அவள் முகம் தெளிந்தது. இந்த ஊரில் வாசலுக்கு வாசல் எத்தனையோ சாமி. சீனர் வீட்டுத் தூணில் சிவப்புப் பெட்டி, எங்கள் நிலையில் மாவிலை. இதுவும் அப்படி ஒரு சாமான் என்று நினைத்துக்கொண்டாள். "வழிபாட்டுக்காக வைத்தது. மின் இணைப்பு இல்லை, இல்லையா? அப்படியானால் வேலை எதுவும் தொடங்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்," என்றாள். மின் இணைப்பு இல்லை என்று தலையாட்டினேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவ்வளவுதான், தப்பித்துவிட்டேன் என்று மூச்சு விட்டேன்.

அவள் எழுதுவதற்காகக் கோப்பை என் வீட்டு வாசற்படியில் வைத்துத் திறந்தாள். கடைசிப் பக்கம். கீழே சேகரின் கையெழுத்து. வருடா வருடம் என் விசாத் தாளில் பார்க்கிற அதே கையெழுத்து, கடைசி எழுத்தை ஒரு சுழி சுழித்து விடுவார். அதற்கு மேலே அவள் பேனா இறங்குவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்து இது வழிபாட்டுச் சாமான் இல்லை, பேனல் என்று கண்டுபிடித்தால், பொய் சொன்னது நானாக இருக்காது. அந்தச் சுழியாக இருக்கும். "இது பேனல்தான்," என்று சொல்லிவிட்டேன். "என் கணவரைக் கேட்கவில்லை. நான்தான் வைக்கச் சொன்னேன். நல்ல நாள் போய்விடும் என்று." நேர்மையால் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். சொல்லாமல் இருப்பதைவிடச் சொல்வதில் பயம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

அவள் பேனாவை மூடினாள். வெகுநேரம் மேலே பார்த்தாள். என் பெயரைக் கேட்பாள், கடவுச்சீட்டைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். எதையும் கேட்கவில்லை. "இன்றைக்கு நான் எதுவும் எழுதவில்லை, காக். வியாழக்கிழமை வருவேன். அன்று கூரை எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவேன்," என்றாள். அதற்கு மேல் விளக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

ஆ ஹொங்குக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "என் பதிவு போயிருக்கும்," என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை வந்தார். முதல்நாள் இரவே சேகரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "நல்ல வேளை சொன்ன," என்றார். சேகர் வேலைக்குக் கிளம்பும்போது நான் பாலத்துப் பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆ ஹொங் ஏணியில் ஏறப்போனார், கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். சேகர் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தால் "சம்பை" என்று ஒரு செய்தி அனுப்புவார், வந்தாயிற்று என்று. அது வரும்வரை திருகைத் தொடக் கூடாது. எதற்கு என்று ஆ ஹொங் கேட்கவில்லை, வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்தார். வழக்கமாக நாற்பது நிமிடத்தில் வருகிற செய்தி அன்று ஒன்றேகால் மணி நேரம் வரவில்லை. பாலத்தில் ஏதோ நெரிசலாம். அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நான் எழுதப் போவதில்லை. செய்தி வந்தது, பேனல் இறங்கியது. குங்குமத்தை நானே துடைத்தேன். சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் தெருவில் கேட்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை அவள் வந்தாள், வெறும் ஓட்டுக்கூரையைப் படம் எடுத்தாள், எழுதினாள், போனாள். இரண்டு வாரம் கழித்துக் குடிநுழைவு அலுவலகம். கவுன்டரில் இருந்தவர் சேகரைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். சேகர் ஆமாம் என்றார். கூரையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் முத்திரை விழுந்தது. வெளியே வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் என்னவோ ஏதோ என்று பயந்துபோய் ஒரு கிண்ணம் ஐஸ் காச்சாங், சர்பத் ஊற்றிய சீவல் ஐஸ், வாங்கிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை இரண்டு ஹார்ன் சத்தம். கவுன்சிலின் அனுமதி, பின்கூரைக்கு மட்டும். நாளைக்கே ஆ ஹொங்கைக் கூப்பிடலாமே என்றேன். சேகர் கடிதத்தை மடித்து வைத்தார். "ஆவணி பொறக்கட்டும் லா. என்ன அவசரம்," என்றார். ஆடி வந்தால் வரட்டும் என்று சொன்ன மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அம்மாவிடம் பேனலை இறக்கியதை நான் சொல்லவில்லை. இன்னும் மேலேதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். கவுன்சிலிடம் சொல்ல முடிந்த உண்மை அம்மாவிடம் சொல்ல வரவில்லை. சொன்னால் ஆவணிவரை அவர் தூங்க மாட்டார், அவர் தூங்காதது தெரிந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். அம்மாவோ ஆடி வெள்ளி தவறாமல் மாப்பிள்ளை பெயருக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை காலை காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தேன். பாரம்பரியப் பகுதி முடிந்து புது வீடுகள் தொடங்குகிற இடம். அம்மா வீடியோ காலில் வந்தார். ஈர முடி, நெற்றியில் திருநீறு. "வெளிய நிக்கியா? நல்லதாப் போச்சு. அந்தப் பேனலக் காட்டு, ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன்," என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக் கூரையில் வரிசையாகப் பேனல்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அது யார் வீடு என்று எனக்குத் தெரியாது. அதன் கேட் முன்னால் போய் நின்று, போனை உயர்த்தி அந்தக் கூரையைக் காட்டினேன். மிச்சத்தையும் போட்டாயிற்றா என்று அம்மா கேட்டார். போட்டாயிற்று என்றேன். அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினார். என் புருஷனின் ஆயுளுக்காக, கோவில்பட்டியில் இருந்து, முன்பின் தெரியாத ஒருவரின் கூரையைப் பார்த்து.

கதவு திறந்தது. நைட்டியில் ஒரு சீன அம்மாள் வெளியே வந்து, தன் கூரைக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் வீட்டைத் தேடுகிறாய்?" என்று மலாயில் கேட்டார்.

போனுக்குள்ளிருந்து அம்மா கண்ணைத் திறந்து, "யாருட்டி அது, ஒன் வீட்டு வாசல்ல?" என்றார்.

இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இருவருமே காத்துக்கொண்டிருந்தார்கள். கையை இறக்கினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று போனை அப்படியே தூக்கிப் பிடித்தபடி, யார் வீடு என்று எனக்கே தெரியாத அந்த வாசலில் நின்றேன்.